லில்லெஹம்மரின் பனிக்களங்கள்

நார்வேயின் மிகப் பெரிய ஏரி மியோசா. அது வடக்கே ஒடுங்கி லோகன் ஆற்றைச் சந்திக்கும் முனையில், கிழக்குக் கரையின் மலைச்சரிவில் லில்லெஹம்மர் அமைந்திருக்கிறது. தலைநகர் ஒஸ்லோவிலிருந்து வடக்கே ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஊரின் மக்கள்தொகை இன்றும் 30,000-ஐத் தொடவில்லை. 1994 பிப்ரவரி 12 முதல் 27 வரை 17-வது குளிர்கால ஒலிம்பிக் இங்கேதான் நடந்தது. 67 நாடுகளிலிருந்து 1,700-க்கும் அதிகமான வீரர்கள் வந்தார்கள். அன்று கட்டிய களங்கள் அநேகமாக எல்லாமே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. சிலவற்றைச் சுற்றிப் பார்க்கலாம். பலவற்றில் இறங்கி விளையாடவும் செய்யலாம். ஒலிம்பிக் முடிந்த கையோடு பூட்டப்பட்டுப் பாழடைந்த அரங்குகள் உலகில் நிறைய உண்டு என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே லில்லெஹம்மரைப் போய்ப் பார்க்கலாம்.

ஒலிம்பிக் இந்த ஊருக்குச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1992-ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு லில்லெஹம்மர் விண்ணப்பித்துத் தோற்றது. வாய்ப்பு பிரான்சின் ஆல்பர்வில்லுக்குப் போனது. குளிர்கால ஒலிம்பிக்கைக் கோடைக்கால ஒலிம்பிக் ஆண்டிலிருந்து பிரித்து நடத்துவது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முடிவெடுத்ததால், அடுத்த போட்டிகள் இரண்டே ஆண்டுகளில், 1994-இல் வந்தன. ஊர் மறுபடி விண்ணப்பித்தது. 1988 செப்டம்பர் 15 அன்று சியோலில் நடந்த வாக்கெடுப்பில் சுவீடனின் ஓஸ்டர்சுண்ட், அமெரிக்காவின் ஆங்கரேஜ், பல்கேரியாவின் சோஃபியா ஆகிய மூன்றையும் முந்திக்கொண்டு வென்றது. அப்போது அங்கே ஒலிம்பிக் தரத்தில் இருந்தவை குறைவு. ஐந்தரை ஆண்டுகளுக்குள் தாவல் மேடை, பனிக்கட்டிப் பாதை, உள்ளரங்குகள், ஒரு முழுப் பனிச்சறுக்கு மலை எல்லாம் எழும்ப வேண்டியிருந்தது.

களங்கள் மூன்று திசைகளில் இருக்கின்றன. ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு கூட்டம். வடக்கே குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம். தெற்கே மியோசா ஏரியின் இரு கரைகளிலும் உள்ள ஹாமார், யோவிக் ஊர்களில் மீதி. முதல் கூட்டத்தை நடந்தே பார்த்துவிடலாம். மற்றவற்றுக்குப் பஸ்ஸோ ரயிலோ காரோ வேண்டும்.

ரயில் நிலையத்திலிருந்து மேலேறினால் முதலில் வருவது ஸ்டோர்காட்டா என்ற கடைத்தெரு. இரு பக்கமும் பழைய மர வீடுகள். குளிர்காலத்தில் இந்தத் தெருவில் மண்ணோ உப்போ தூவாத இடங்களில் வயதானவர்கள் ‘ஸ்பார்க்’ என்ற உதைவண்டியில் வந்து சாமான் வாங்குவதைப் பார்க்கலாம். நீண்ட இரண்டு இரும்புப் பட்டைகள், அவற்றின் மேல் ஒரு மர இருக்கை, பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் வண்டி. ஒரு காலைப் பட்டையில் வைத்து மறுகாலால் தரையை உதைத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். காய்கறிப் பை இருக்கையில் உட்கார்ந்திருக்கும். விளையாட்டுக் களங்களைப் பார்க்க வந்தவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பனியில் வழுக்கிச் செல்வது இந்த ஊரில் கடைக்குப் போவதற்கான வழியும்கூட. ஊரின் சின்னத்தில் பொறித்திருப்பதும் ஸ்கீ அணிந்த ஒரு வீரன்தான்.

கடைத்தெருவிலிருந்து கிழக்கே தலை நிமிர்த்தினால் லீஸ்கோர்ட்ஸ்பக்கன் தெரியும். ஊரில் எங்கே நின்றாலும் கண்ணில் படும் இரட்டைத் தாவல் மேடைகள் இவை. பெரிய மேடையிலிருந்து வீரர்கள் 120 மீட்டருக்கு மேல் பறக்கிறார்கள். சிறியதில் 90 மீட்டர் அளவில். அடிவாரத்திலிருந்து பெரிய மேடையின் உச்சிக்கு 936 படிகள். நாற்காலித் தூக்கியும் உண்டு. ஆனால் முழங்கால் ஒத்துழைக்கும் யாரும் படிகளில் ஏறுவதே நல்லது. மேடையின் உயரத்தைத் தொலைக்காட்சி ஒருபோதும் சரியாகக் காட்டியதில்லை. 300-ஆவது படியில் ஏறுபவர் பேச்சை நிறுத்துகிறார். 600-ஆவது படியை ஒட்டி, தாவுபவர் காற்றில் பறந்து கடக்கும் வெற்றிடம் பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது. தரை இறங்கும் சரிவு எவ்வளவு செங்குத்தானது என்பது அங்கேதான் கண்ணுக்குப் பிடிபடுகிறது. உச்சியில், வீரர்கள் புறப்படுமுன் உட்காரும் குறுக்குக் கட்டை இருக்கிறது. அதன் கீழே இரண்டு ஒடுக்கமான பள்ளக்கோடுகள் நேராக இறங்கி, மேடையின் உதட்டில் சட்டென முடிகின்றன. அதற்கு அப்பால் ஊரின் கூரைகள், ஏரி, எதிர்க்கரை மலை. மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உதட்டை அடைபவருக்கு ஊரே தன் காலடியில் விரிவதாகத் தோன்றும். கோடையில் சரிவின் மேல் பிளாஸ்டிக் விரிப்பில் தண்ணீர் தெளித்துப் பயிற்சி நடப்பதால், ஜூலையில் வருபவர்களும் தாவலைப் பார்க்க முடியும்.

1994-இன் தொடக்க விழாவும் நிறைவு விழாவும் நடந்த இடம் இதுதான். தீபத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவர் இந்த மேடையிலிருந்து தாவ வேண்டும் என்பது அன்றைய திட்டம். அதற்குத் தேர்வாகியிருந்த ஓலே குன்னார் ஃபிட்யெஸ்டோல் ஒத்திகையில் விழுந்து காயமடைந்தார். மாற்றாக வைத்திருந்த ஸ்டெய்ன் குரூபன் எரியும் தீபத்தோடு பறந்து, நிலை குலையாமல் தரை இறங்கினார். ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் இதைவிட ஆடம்பரமானவை வந்திருக்கலாம். ஆனால் ஊரின் உயிர்மூச்சான விளையாட்டையே சடங்காக மாற்றிய விழா இன்னொன்றைச் சொல்வது கடினம். கடைசியில் தீபத்தை ஏற்றியவர் பட்டத்து இளவரசர் ஹோகோன். அவருடைய தாத்தா ஐந்தாம் ஒலாவ் 1928-இல் பாய்மரப் படகோட்டத்தில் தங்கம் வென்றவர். தந்தை ஐந்தாம் ஹரால்டும் அதே விளையாட்டில் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். 2016-இல் இளையோர் குளிர்கால ஒலிம்பிக் லில்லெஹம்மருக்கு வந்தபோது இதே இடத்தில் தீபத்தை ஏற்றியவர் ஹோகோனின் மகள் இளவரசி இங்கிரிட் அலெக்சாண்ட்ரா.

பெரிய மேடைப் போட்டியில் 1994-இல் தங்கம் வென்றவர் ஜெர்மனியின் யென்ஸ் வைஸ்ஃப்ளோக். நார்வே வீரர் எஸ்பன் பிரெடெசன் வெள்ளி பெற்றார். சிறிய மேடையில் தங்கம் அவருக்கே. வைஸ்ஃப்ளோகின் வெற்றிக்குத் தனி மதிப்பு உண்டு. அவர் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1984-இல், சராயேவோவில். அன்று தாவுபவர்கள் இரு ஸ்கீக்களையும் இணையாக ஒட்டி வைத்துப் பறந்தார்கள். பிறகு சுவீடனின் யான் போக்லோவ் ஸ்கீ முனைகளை விரித்து ‘வி’ வடிவில் பறக்கும் முறையைக் கொண்டுவந்தார். அது காற்றின் தாங்குதலைக் கூட்டி நெடுந்தூரம் கொண்டுபோனதால், பழைய முறையில் ஊறியவர்களில் பலர் களத்தை விட்டே விலக நேர்ந்தது. வைஸ்ஃப்ளோக் முப்பதை நெருங்கும் வயதில் தன் பறத்தலை அடியிலிருந்து மாற்றிப் பழகி, மறுபடி உச்சிக்கு வந்தார். இரு முறைகளிலும் தங்கம் கண்டவர் என்ற பெருமை அவரை இந்த மேடையோடு சேர்த்துவைக்கிறது.

பக்கத்துச் சரிவில் கான்ட்ஹௌகன் இருக்கிறது. ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்குக்கான களம். காற்றில் குட்டிக்கரணம் அடிக்கும் ஏரியல்ஸ் பிரிவு ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக முதன்முதலில் நடந்தது இங்கேதான். பெண்கள் பிரிவில் வென்ற லினா செர்யாசோவா உஸ்பெகிஸ்தானுக்கு வாங்கித் தந்த தங்கம்தான் அந்நாட்டின் ஒரே குளிர்கால ஒலிம்பிக் பதக்கம். மேடுபள்ளச் சரிவான மோகுல்ஸில் நார்வேயின் ஸ்டினா லிஸே ஹட்டெஸ்டா வென்றார்.

சரிவின் அடியில் ஹோகோன்ஸ் ஹால், கிறிஸ்டின்ஸ் ஹால் என்ற இரு உள்ளரங்குகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது 1994-இன் ஐஸ் ஹாக்கி அரங்கம். 10,000-க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. கட்டடம் பாதி சரிவுக்குள் இறங்கியிருக்கிறது. வாசலில் நுழைந்த பிறகுதான் இருக்கைகள் கீழ்நோக்கி விரிகின்றன. மலையடிவாரத்துச் சிறு வீடுகளை ஒரு பேரரங்கம் அமுக்கிவிடக் கூடாது என்று யோசித்துச் செய்த வடிவமைப்பு இது. இப்போது இங்கே கச்சேரிகள், கண்காட்சிகள், ஹேண்ட்பால் ஆட்டங்கள் நடக்கின்றன. 1999 மகளிர் ஹேண்ட்பால் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் நார்வே பிரான்ஸைக் கூடுதல் நேரத்தில் வென்றது இந்தக் கூரையின் கீழ்தான்.

ஆனால் ஹோகோன்ஸ் ஹாலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தேடுவது ஒரே ஒரு கோலின் இடத்தை. 1994 பிப்ரவரி 27, போட்டிகளின் கடைசி நாள், சுவீடனும் கனடாவும் மோதிய இறுதி ஆட்டம். கனடா 2-1 என முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது சுவீடன் சமன் செய்தது. கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. பெனால்டி முயற்சிகளும் சமமாகவே நீண்டன. அப்போது 20 வயது பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் கோல் காப்பாளர் கோரி ஹர்ஷை நோக்கி வந்து, ஒரு பக்கம் போவதாகக் காட்டி ஹர்ஷை முழுக்க அந்தப் பக்கம் இழுத்தார். மட்டையை ஒற்றைக் கையில் மாற்றிப் பின்னுக்கு நீட்டி, காலியாகிவிட்ட மறுபக்கத்தில் ‘பக்’ எனும் வட்டை மெதுவாகத் தள்ளினார். அடுத்து வந்த பால் கரியாவின் முயற்சியைச் சுவீடனின் காப்பாளர் டொம்மி சாலோ தடுத்ததும் சுவீடனுக்கு முதல் ஐஸ் ஹாக்கித் தங்கம் கிடைத்தது. அந்தக் கணத்தைச் சுவீடன் அஞ்சல் தலையாக வெளியிட்டது. ஹர்ஷ் தன் உருவம் அதில் வருவதற்குச் சம்மதிக்காததால், அஞ்சல் தலையில் இருக்கும் காப்பாளரின் சட்டை நிறத்தையும் எண்ணையும் மாற்றினார்கள். அதுவரை வேகத்துக்கும் உடல்மோதலுக்கும் பெயர்பெற்றிருந்த ஆட்டத்தில் இந்தக் கோல் நுணுக்கத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. இன்றும் ஹாக்கி பழகும் பிள்ளைகள் அதைப் போலவே அடித்துப் பார்க்கிறார்கள்.

ஊருக்கு மேலே, காட்டின் விளிம்பில் பிர்கெபெய்னரன் ஸ்கீ அரங்கம் இருக்கிறது. நெடுந்தூரப் பனிச்சறுக்கும், அதோடு துப்பாக்கி சுடுதலைச் சேர்த்த பயத்லானும் இங்கே நடந்தன. பெயரின் வேர் 1206-ஆம் ஆண்டில் இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்த அந்தக் குளிர்காலத்தில் இரண்டு வயதுகூட நிரம்பாத அரச வாரிசு ஹோகோன் ஹோகோன்சனை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, பிர்கெபெய்னர் கட்சியைச் சேர்ந்த இரு வீரர்கள் ஸ்கீயில் மலை கடந்து கிழக்கே ஓஸ்டர்டால் பள்ளத்தாக்குக்குத் தூக்கிப்போனார்கள். குழந்தை வளர்ந்து 1217-இல் அரசனாகி, உள்நாட்டுப் போரை முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பயணத்தின் நினைவாக 1932 முதல் ரேனாவிலிருந்து லில்லெஹம்மருக்கு 54 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டம் நடந்துவருகிறது. ஓடுகிறவர்கள் அனைவரும் குறைந்தது மூன்றரைக் கிலோ எடையுள்ள பையை முதுகில் சுமக்க வேண்டும் என்பது விதி. அது குழந்தையின் பாரம். பனிப்புயலில் சிக்கினால் பிழைக்க உதவும் உடையும் அந்தப் பைக்குள்தான் இருக்கும் என்பதால் விதியில் நடைமுறை அறிவும் கலந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் ஓடி முடிக்கும் கோடு, ஒலிம்பிக் வீரர்கள் முடித்த அதே அரங்கில் இருக்கிறது.

மக்கள் நினைவில் 1994 என்றால் பிப்ரவரி 22-தான். ஆண்கள் 4×10 கிலோமீட்டர் தொடர் ஓட்டம். நார்வே இதில் தோற்கும் என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. ஸ்டூரே சீவெர்ட்சன், தொடக்க விழாவில் வீரர்கள் சார்பாக உறுதிமொழி எடுத்த வேகார்ட் உல்வாங், 22 வயதுத் தொமஸ் அல்ஸ்கோர்ட், கடைசியாக பியோர்ன் டேலி. இத்தாலிக்காக முதலில் ஓடிய மௌரிலியோ டி சோல்ட்டுக்கு 43 வயது. முதல் நாள் இரவே காட்டுக்குள் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே போன குளிரில் ஆயிரக்கணக்கானோர் இடம் பிடித்திருந்தார்கள். பாதை நெடுக நின்ற கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று மதிப்பிட்டார்கள். இரு அணிகளாலும் ஒன்றையொன்று உதறிவிட முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் டேலி ஏற்றங்களில் வேகத்தைக் கூட்டியும் சில்வியோ ஃபௌனர் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தார். அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஃபௌனர் முன்னே பாய்ந்தார். ஒரு மணி 41 நிமிடம் ஓடிய பிறகு வித்தியாசம் 0.4 வினாடி. மணிக்கணக்கில் காட்டை அதிரவைத்த மாட்டுமணி ஓசையும் கூச்சலும் ஒரே நொடியில் அடங்கிப்போனதை அங்கே நின்றவர்கள் இன்றும் முதலில் சொல்கிறார்கள். அதன்பின் எழுந்த கைதட்டல் இத்தாலியர்களுக்காக. தோல்வியை இவ்வளவு அன்போடு நினைவில் வைத்திருக்கும் விளையாட்டு ஊர்கள் அதிகம் இல்லை. லில்லெஹம்மரின் தரத்துக்கு அதுவே நல்ல சான்று.

பயத்லானில் கனடாவின் மிரியம் பெடார்ட் இரண்டு தங்கம் வென்றார். அவற்றில் 7.5 கிலோமீட்டர் ஓட்டத்தை, வேறு வேறு ஜோடியைச் சேர்ந்த இரு ஸ்கீக்களைத் தவறுதலாக மாட்டிக்கொண்டு ஓடியே வென்றிருக்கிறார்.

அரங்கில் எவரும் ஸ்கீ வாடகைக்கு எடுத்து ஓடலாம். எந்திரம் பனியை வாரிச் சமன்செய்து, இரு கால்களுக்கும் இணையான பள்ளக்கோடுகள் வெட்டிவிட்டுப் போயிருக்கும். மாலையில் விளக்குக் கம்பங்கள் எரியும். ஓடத் தொடங்குமுன் மெழுகு பூசும் வேலை ஒன்று இருக்கிறது. பழைய பாணி ஸ்கீயில் பாதத்துக்கு அடியில் உள்ள பகுதிக்குப் பிடிப்பு மெழுகு வேண்டும். உதைக்கும்போது பனியைக் கவ்வவும், வழுக்கும்போது விடவும் அதுதான் உதவும். கடுங்குளிருக்குப் பச்சை டப்பா, கொஞ்சம் தணிந்தால் நீலம், பூஜ்யத்தை நெருங்கினால் ஊதா, அதையும் தாண்டினால் சிவப்பு. குடும்பத்தில் ஒருவர் வெப்பமானியைப் பார்த்துவிட்டு நீலம் என்பார். இன்னொருவர் பனியைக் கையில் பிசைந்து பார்த்துவிட்டு ஊதா என்பார். பிறகு தக்கையால் தேய்த்து மெழுகை வழவழப்பாக்குவார்கள். பையில் ஆரஞ்சுப் பழமும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் இருக்கும். முதியவர்கள், கைக்குழந்தையைச் சிறு சறுக்குவண்டியில் கட்டி இழுத்துவரும் தாய்மார்கள், நாட்டு அணிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே பாதையில் போகிறார்கள். இங்கிருந்து நூர்ட்செட்டர், ஷுஷூயன் மேட்டுநிலங்கள் வரை பாதைகள் பின்னிக்கிடப்பதால், வேண்டுமானால் நாள் முழுக்கத் திரும்பாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். லில்லெஹம்மரில் ஒரே ஒரு களத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஊருக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் ஹுண்டர்ஃபோசன். பாப்ஸ்லெட், லூஜ், ஸ்கெலிட்டன் மூன்றுக்குமான பனிக்கட்டிப் பாதை காட்டுச் சரிவில் வளைந்து இறங்குகிறது. நார்டிக் நாடுகளில் செயற்கையாகக் குளிரூட்டிய பாதை இது ஒன்றுதான். போட்டிக்குரிய நீளம் 1,365 மீட்டர், வளைவுகள் 16, மேலிருந்து கீழ்வரை இறக்கம் 114 மீட்டர். கான்கிரீட் தொட்டிக்குள் குழாய்கள் பதித்து அமோனியா ஓடவிட்டுத் தரையைக் குளிர்விக்கிறார்கள். அதன்மேல் தொழிலாளர்கள் தண்ணீரைப் படலம் படலமாகத் தெளித்து உறையவிட்டு, பிறகு அகலமான கத்தியால் கையாலேயே சீவிச் சமன்செய்கிறார்கள். பாதையை ஒட்டி நடந்துபோகும் வழி உண்டு. வளைவு ஒன்றின் அருகே நிற்பவருக்கு முதலில் கேட்பது தூரத்து உறுமல். அது நெருங்கி நெருங்கி, வண்டி சுவரின் உச்சிவரை ஏறிக் கடக்கும்போது கால்கள் நிற்கும் தரையே நடுங்கும். கண் அதைப் பின்தொடர்வதற்குள் அடுத்த வளைவில் மறைந்திருக்கும்.

பயணிகளும் இதில் இறங்கலாம். பயிற்சி பெற்ற ஓட்டுநர் முன்னால் உட்கார, அசல் நால்வர் வண்டியில் செல்வது ஒரு வகை. மெத்தை வைத்த, வேகம் குறைந்த பெரிய வண்டி இன்னொரு வகை. கோடையில் சக்கரம் வைத்த வண்டி ஓடும். முதல் வகையில் சவாரி ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை நன்றாகவே தாண்டும். கீழ் வளைவுகளில் உடல் எடை பல மடங்காகி, தலை தானாக மார்பை நோக்கி அழுந்தும். கழுத்து, முதுகு உபாதை உள்ளவர்களும் கருவுற்றவர்களும் ஏறக் கூடாது.

1994-இல் ஆண்கள் லூஜில் ஜெர்மனியின் கேயோர்க் ஹக்கல் ஆஸ்திரியாவின் மார்க்குஸ் புரோக்கை நான்கு ஓட்டங்களின் மொத்தக் கணக்கில் 0.013 வினாடியில் முந்தினார். ஆனால் அந்தப் பாதையில் ஓடிய வண்டிகளிலெல்லாம் நினைக்கத்தக்கது, பதக்கப் பட்டியலில் எங்கோ கீழே முடித்த போஸ்னியாவின் நால்வர் வண்டி. போஸ்னிய முஸ்லிம் இருவர், குரோவாட் ஒருவர், செர்பியர் ஒருவர். அவர்களுடைய நாட்டில் அப்போது அந்த மூன்று தரப்பும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன் சராயேவோவில் ஒலிம்பிக் நடந்த ட்ரெபெவிச் மலைப் பாப்ஸ்லெட் பாதை, அந்நகரை முற்றுகையிட்டவர்களின் பீரங்கி நிலையாகிவிட்டிருந்தது. இன்று அது கிறுக்கல் ஓவியங்கள் மூடிய வெற்றுக் கான்கிரீட். ஹுண்டர்ஃபோசனில் குழாய்கள் இன்னும் குளிர்கின்றன. பள்ளி மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஒரே தசாப்த இடைவெளியில் கட்டிய இரு பாதைகளின் கதை இவ்வளவு வேறுபட்டதற்குக் கட்டுமானம் காரணமல்ல.

அதே பள்ளத்தாக்கில் ஓயரில் இருக்கும் ஹாஃப்யெல், ஸ்லாலமும் ஜெயன்ட் ஸ்லாலமும் நடந்த மலை. இப்போது குடும்பங்கள் விரும்பும் பனிச்சறுக்கு மையம். கோடையில் மலைச் சைக்கிள் பாதைகள். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதுவே ஏற்றது.

இன்னும் வடக்கே, லில்லெஹம்மரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ரிங்கெபூவை ஒட்டி க்விட்ஃபியெல். டவுன்ஹில், சூப்பர்-ஜி போட்டிகளுக்காகவே காட்டை வெட்டி உருவாக்கிய மலைத்தடம் இது. 1972 ஒலிம்பிக் டவுன்ஹில் சாம்பியனான சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸி வடிவமைத்தார். 1994-இல் அமெரிக்காவின் டொமி மோ இங்கே நார்வேயின் ஷெட்டில் ஆந்த்ரே ஓமொட்டை 0.04 வினாடியில் முந்தித் தங்கம் பெற்றார். உலகக் கோப்பைப் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. போட்டி இல்லாத நாளில் அதே தடத்தில் இறங்க முடியும் என்றாலும், தேர்ந்தவர்கள் மட்டும் முயல்வதே முறை. கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கும் அந்த இறக்கம் போதுமான பாடம்.

தெற்கே, ஏரியின் மேற்குக் கரையில் யோவிக். இங்குள்ள ஐஸ் ஹாக்கி அரங்கம் மலைக்குள் குடைந்தது. 62 மீட்டர் அகலம், 91 மீட்டர் நீளம், 25 மீட்டர் உயரம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. நகரின் நடுவிலிருந்து ஒரு சுரங்கவழி உள்ளே கொண்டுபோகிறது. நடக்க நடக்க வெளியின் கடுங்குளிர் விலகி, ஆண்டு முழுதும் அநேகமாக ஒரே நிலையில் இருக்கும் மலையின் உள்வெப்பம் முகத்தில் படும். வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே நுழைந்ததும் கோட்டைத் தளர்த்தத் தோன்றும். இவ்வளவு அகலமான பாறைக்கூரையைத் தாங்கவைக்க, எஃகு ஆணிகளைப் பாறைக்குள் ஆழமாக அடித்து, மேலே கான்கிரீட் தெளித்திருக்கிறார்கள். மலையே தன் அழுத்தத்தால் கூரையை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதுதான் அடிப்படைத் தத்துவம். சுரங்கம் தோண்டுவதில் நார்வேக்கு இருக்கும் கைப்பழக்கத்தை விளையாட்டுக்குத் திருப்பிய அரிய கட்டடம் இது. ஏனோ பயணிகள் பெரும்பாலும் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

எதிர்க்கரையில், லில்லெஹம்மருக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஹாமார். ஸ்பீட் ஸ்கேட்டிங் நடந்த விக்கிங்ஷீப்பெ அரங்கின் கூரை, கரையில் கவிழ்த்துப் போட்ட வைக்கிங் கப்பலின் வடிவம். நடுவில் முதுகெலும்பாக ஒரு நீண்ட தண்டு, இரு பக்கமும் பலகைமரத்தை ஒட்டிச் செய்த பிரம்மாண்ட வளைவுகள். அரங்கம் நிற்கும் கரையை ஒட்டி ஓகெர்ஸ்வீக்கா என்ற பறவைச் சரணாலயம் இருக்கிறது. இடத்தேர்வை எதிர்த்து இயற்கை ஆர்வலர்கள் போராடினார்கள். கட்டடத்தின் நிலையை மாற்ற வேண்டிவந்தது. அந்தப் போராட்டத்தின் தாக்கத்தில்தான் 1994 போட்டிகளில் சுற்றுச்சூழலுக்கு முதன்மை கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டுகளைக்கூட உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் செய்தார்கள்.

உள்ளே 400 மீட்டர் பனிக்கட்டி வட்டம். பக்கத்தில் நின்று பார்த்தால் வீரர்கள் எழுப்பும் ஓசை ஆச்சரியமூட்டும். நீண்ட அலகு பனிக்கட்டியைச் சீவும் மெல்லிய, ஒரே சீரான கிழிப்பு, வளைவில் மட்டும் தாளம் மாறும். 1994-இல் இங்கே யோஹான் ஓலாவ் கொஸ் 1,500, 5,000, 10,000 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார். மூன்றிலும் உலக சாதனை. 10,000 மீட்டரை அவர் முடித்த நேரம் 13 நிமிடம் 30.55 வினாடி. முந்தைய சாதனையும் அவருடையதே. அதைவிட ஏறத்தாழ 13 வினாடி குறைவு. நூறில் ஒரு பங்கு வினாடிக்குப் போராடும் விளையாட்டில் இது நம்பமுடியாத தாவல். வென்ற ஊக்கத்தொகையில் ஒரு பகுதியைச் சராயேவோ மக்களுக்கான ஒலிம்பிக் நிதிக்குக் கொடுத்து, மற்றவர்களையும் கொடுக்கச் சொன்னார். அந்த முயற்சியே பின்னாளில் ‘ரைட் டு ப்ளே’ என்ற அமைப்பாக வளர்ந்தது.

அமெரிக்காவின் டேன் யான்சன் கதையும் இந்த வட்டத்தில்தான் முடிந்தது. 1988-இல் அவருடைய அக்கா ஜேன் இறந்த அன்றே 500 மீட்டரில் ஓடி விழுந்தவர் அவர். அதன்பின் ஒலிம்பிக்தோறும் பதக்கம் கைநழுவியது. ஹாமாரிலும் 500 மீட்டரில் தடுமாறினார். கடைசி வாய்ப்பான 1,000 மீட்டரில் உலக சாதனையோடு தங்கம் வென்று, அக்காவின் பெயரையே சூட்டியிருந்த தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். அதற்கு முந்தைய கோடையில், 1993 ஜூலையில், இதே அரங்கில் மரத்தடம் அமைத்தபோது ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ ஒரு மணி நேரச் சைக்கிள் உலக சாதனைக்கு முயன்று தோற்றார். மறுநாள் காலையே திரும்ப வந்து, 51.596 கிலோமீட்டர் ஓட்டிச் சாதித்தார். வாஷிங் மெஷின் பேரிங்கைப் போட்டுத் தானே செய்த சைக்கிள் அது.

ஃபிகர் ஸ்கேட்டிங் நடந்த மர அரங்கம் ஹாமாரில் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 16 வயது உக்ரைன் சிறுமி ஒக்ஸானா பையுல் இங்கே தங்கம் வென்றார். சராயேவோவில் தங்கம் வென்றிருந்த ஜெர்மனியின் கத்தரீனா விட் பதக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் திரும்பி வந்து, தன் ஆட்டத்தை அந்த நகரத்துக்குக் காணிக்கையாக்கினார்.

எல்லாக் களங்களையும் பார்த்த பிறகு லில்லெஹம்மரின் மைஹௌகன் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போவது நல்ல வரிசை. ஆண்டர்ஸ் சாண்ட்விக் என்ற பல் மருத்துவர் சேகரித்த பழைய பள்ளத்தாக்கு வீடுகளும் கார்மோ மரத் தேவாலயமும் இங்கே இருக்கின்றன. நார்வே ஒலிம்பிக் அருங்காட்சியகமும் 2016 முதல் இங்கேதான் இருக்கிறது. 1994-இன் பதக்கங்களில் பாறைத்துண்டு பதித்திருந்தார்கள். அவற்றைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கல்லின் நரம்புகூடத் தெரியும்.

போவதற்கு ஏற்ற காலம் பிப்ரவரியும் மார்ச்சும். டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. பிப்ரவரி நடுவில் ஒன்பது மணி நேரத்தை எட்டும். பனியும் கெட்டியாக இருக்கும். ஊருக்குள் உள்ள களங்களுக்கு ஒரு நாள், பிர்கெபெய்னரன் பாதைகளுக்கு ஒரு நாள், வடக்கே ஒரு நாள், தெற்கே ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் ஓட்டமில்லாமல் பார்க்கலாம். ஹாமார் ஒஸ்லோ ரயில் பாதையிலேயே இருப்பதால் திரும்பும் வழியில் இறங்கிக்கொள்வது சௌகரியம். பிர்கெபெய்னர் ஓட்டம் நடக்கும் மார்ச் வாரத்தில் வருபவர்கள் அறையை வெகு முன்னதாகவே பதிவுசெய்துவிட வேண்டும்.